கோப்பில் இடம்பெற வேண்டிய ஒரு வரி: மாற்று உறுப்பு பெற்ற பெண்களும் ஹெச்.பி.வி. தொற்றும்

மாற்றுச் சிறுநீரகமோ மாற்றுக் கல்லீரலோ பெற்ற ஒருவர் புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அவர் கையில் ஒரு கோப்பு இருக்கும். கிரியேட்டினின் அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் வெளியேறும் புரதம், இரத்தத்தில் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ஆகிய அனைத்தும் அதில் தேதிவாரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். கிரியேட்டினின் சிறிதளவு உயர்ந்தாலும் மருத்துவருக்கு முன்பே குடும்பத்தார் அதைக் கவனித்துவிடுவதுண்டு. இத்தனை நுணுக்கமாகப் பேணப்படும் கோப்பில், நோயாளி பெண்ணாக இருந்தால், ஒரு வரி பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது. கருப்பைவாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்பதே அந்த வரி.

இதற்கு எவரையும் தனியே குறை கூற இயலாது. மாற்று உறுப்பு மருத்துவரின் கவனம் முழுவதும் உறுப்பைக் காப்பதில் இருக்கிறது. நோயாளியோ, ‘தொந்தரவு ஏதும் இல்லையே, மகளிர் மருத்துவரிடம் எதற்குச் செல்ல வேண்டும்?’ என எண்ணுகிறார். இந்தியாவில் மாற்று உறுப்பு பெறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் பெண். உயிரோடிருக்கும்போதே உறுப்பு தருவோரிலோ பெண்களே மிகுதி. ஆண்கள் நிறைந்த காத்திருப்புக் கூடத்தில், அருகில் மாமனாரோ மகனோ அமர்ந்திருக்கையில், இத்தகைய பேச்சை எடுக்கப் பெண்களுக்குத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. அந்தத் தயக்கத்தை நீக்குவதற்காகவே இக்கட்டுரை.

எங்கும் உள்ள ஒரு வைரஸ்

ஹெச்.பி.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் சில, கையிலும் காலிலும் தோன்றும் சாதாரண மருக்களுக்குக் காரணமானவை. சில, பிறப்புறுப்புப் பகுதியில் மருக்களை உண்டாக்குபவை. ஏறத்தாழ 14 வகைகள் மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் ஆற்றல் பெற்றவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, 16, 18 என்னும் இரு வகைகளால் வருபவை. இவ்வைரஸுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வைரஸ் உடலுறவின்போது தோலும் தோலும் உராய்வதால் பரவுகிறது. மணவாழ்வில் ஈடுபட்ட ஆண்கள், பெண்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றிச் செல்கிறது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது தெரிவதே இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அரிப்பும் இல்லை. நலமான உடலில், தொற்றிய வைரஸை நோய் எதிர்ப்பு ஆற்றலே ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடுகிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இவ்வாறே நிகழ்கிறது. எஞ்சியவர்களிடம் அது கருப்பைவாயின் செல்களில் நீண்ட காலம் தங்குகிறது. புற்றுநோய்க்கு வழிவகுப்பது தொற்று அன்று; விலகாமல் தங்கிவிடும் தொற்றே.

மருந்து எங்கே குறுக்கிடுகிறது?

மாற்று உறுப்பு எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் உடலுக்கு அது அந்நியப் பொருளே. அந்நியப் பொருளைக் கண்டறிந்து தாக்கும் பணியை டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் செய்கின்றன. அவை புதிய உறுப்பைத் தாக்காதிருக்கவே டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை நாள்தோறும் உட்கொள்கிறோம். ஹெச்.பி.வி. புகுந்த செல்களைக் கண்டறிந்து அழிப்பவையும் அதே டி செல்களே. வீட்டுக்கு வந்த விருந்தினரைத் துரத்தாதிருக்கும்படி காவலருக்குக் கட்டளையிட்டிருக்கிறோம்; அந்தக் கட்டளையின் நிழலில் திருடனும் ஒளிந்துகொள்கிறான்.

இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, தொற்று எளிதில் விலகுவதில்லை. இரண்டாவது, பல ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போன வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். மூன்றாவது, செல்களில் மாற்றங்கள் விரைவாக ஏற்படலாம். உலக சுகாதார நிறுவனம் கூறுவதன்படி, எதிர்ப்பு ஆற்றல் நலமாக உள்ள பெண்களிடம் இயல்பான செல்கள் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்பு ஆற்றல் குன்றிய பெண்களிடம் அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம்.

மாற்று உறுப்பு பெற்ற பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களுக்கு உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுகள் காட்டுகின்றன. பிறப்புறுப்பின் வெளிப்பகுதி, ஆசனவாய் ஆகிய இடங்களில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. ஆனால் அப்புற்றுநோய்கள் அரியவை என்பதால், மடங்கு பெரிதாக இருந்தாலும் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை குறைவே. அஞ்சுவதற்காக இதைக் கூறவில்லை. விரைவு என்று கூறும்போதும் நாம் பேசுவது ஆண்டுக்கணக்கில்தான். அந்த ஆண்டுகளுக்குள் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்பவர்களிடம் நோயைப் புற்றுநோய் ஆகுமுன்பே தடுத்து நிறுத்த முடியும்.

எவர் மீதும் பழி இல்லை

‘ஹெச்.பி.வி. உள்ளது’ என்னும் அறிக்கை வீட்டுக்குள் நுழையும்போது, உடன் சில கேள்விகளும் நுழைந்துவிடுகின்றன. யாரிடமிருந்து வந்தது? எப்போது வந்தது? கணவர் மனைவியையும் மனைவி கணவரையும் ஐயுறும் நிலை ஏற்படுகிறது. வாய்விட்டுக் கேட்க இயலாத இக்கேள்விகள் சில குடும்பங்களில் நோயைவிடப் பெரிய துன்பத்தைத் தந்துவிடுகின்றன.

இதற்கு மருத்துவம் தரும் விடை தெளிவானது. வைரஸ் எப்போது தொற்றியது என்பதை எந்தப் பரிசோதனையாலும் கூற இயலாது. இருபது ஆண்டுகளுக்கு முன், திருமணமான புதிதில் தொற்றி அடங்கியிருந்த வைரஸ், மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மருந்துகளின் காரணமாக மீண்டும் வெளிப்பட்டிருக்கலாம். ஆகவே இன்றைய அறிக்கையை எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றாகக் கொள்ளலாகாது.

மேலும் சில ஐயங்களும் எழுவதுண்டு. இவ்வைரஸ் இரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. எனவே மாற்று உறுப்பைச் சென்று தாக்கிவிடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. ஒரே தட்டில் உண்பதாலும், துணிகளை ஒன்றாகத் துவைப்பதாலும், பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதாலும் கருப்பைவாய்த் தொற்று பிறருக்குப் பரவிவிடாது. அப்பெண்ணுக்குத் தனித் தட்டோ தனிப் படுக்கையோ தேவையில்லை.

பரிசோதனை: எப்போது, எப்படி?

பரிசோதனையின் பயனுக்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையின் துணையுடன் நடைபெற்ற ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்துப் பரிசோதித்தனர். அவ்வாறு ஒரே ஒரு முறை பரிசோதித்ததனாலேயே கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. பரிசோதனையை ஒரே முறை செய்ததில் இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்பது 2009-இல் வெளியாயிற்று. அவ்விரு ஆய்வுகளும் பொதுமக்களிடையே நடந்தவை. ஆபத்து கூடுதலாக உள்ள மாற்று உறுப்பு பெற்ற பெண்களுக்கு ஒருமுறை போதாது. வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

இதற்கு இருவகைப் பரிசோதனைகள் பயன்படுகின்றன. பாப் பரிசோதனையில், கருப்பைவாயிலிருந்து மென்மையான தூரிகையால் செல்களை எடுத்து, அவற்றில் மாற்றம் உள்ளதா என நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். ஹெச்.பி.வி. பரிசோதனையில் ஆபத்தான வைரஸ் வகைகளின் மரபணு உள்ளதா எனப் பார்க்கின்றனர். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் ஒழுங்கு வருமாறு: பாப் பரிசோதனை மட்டும் செய்வதாயின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும், தொடர்ந்து மூன்று முறை இயல்பாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரு பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்து, இரண்டும் இயல்பாக இருந்தால் மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் செய்யலாம். பொதுவாக 65 வயதில் பரிசோதனையை நிறுத்திவிடும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உரிய இடைவெளியை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

இப்பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். மயக்க மருந்து தேவையில்லை. சற்றுக் கூச்சமும் சிறு அசௌகரியமும் இருக்கும். வலி பெரும்பாலும் இராது. மாதவிலக்கு இல்லாத நாளில் வாருங்கள். அதற்கு முந்தைய இரு நாள்கள் உடலுறவையும், பிறப்புறுப்பினுள் வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள். பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ உடனிருக்க வேண்டும் எனக் கேட்பது உங்கள் உரிமை. ஹெச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாமே பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தரும் முறையும் உண்டு. மிகுந்த கூச்சம் உள்ளவர்கள் அதைப் பற்றிக் கேட்டறியலாம்.

பரிசோதிக்கும் மருத்துவரிடம், பிறப்புறுப்பின் வெளிப்பகுதியையும் ஆசனவாய்ப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். கருப்பையை அகற்றிக்கொண்டவர்களும் ‘எனக்கு இது தேவையில்லை’ என முடிவு செய்துவிட வேண்டா. கருப்பைவாயும் சேர்த்து அகற்றப்பட்டதா, எக்காரணத்துக்காக அகற்றப்பட்டது என்பனவற்றை அறுவை சிகிச்சைக் குறிப்பிலிருந்து மருத்துவர் அறிந்த பின்னரே அதைக் கூற முடியும்.

முடிவு இயல்பாக இல்லாவிட்டால்

ஹெச்.பி.வி. இருப்பது புற்றுநோய் இருப்பது ஆகாது. அறிக்கையில் மாற்றம் தெரிந்தால், அடுத்து கால்போஸ்கோப் எனப்படும் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயைப் பார்ப்பார்கள். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இலேசான மாற்றமாயின், குறித்த இடைவெளியில் மீண்டும் பார்த்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதுமானது. புற்றுநோய்க்கு முந்தைய தீவிர மாற்றமாயின், அப்பகுதியை வெப்பத்தாலோ குளிராலோ அழிப்பார்கள். அல்லது மின்கம்பி வளையத்தால் மெல்லியதாக வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

வைரஸை நேரடியாக அழிக்கும் மாத்திரை எதுவும் இன்று இல்லை. சிகிச்சை அளிக்கப்படுவது வைரஸ் உண்டாக்கிய மாற்றத்துக்கே. மருந்துகளால் எதிர்ப்பு ஆற்றல் தணிந்திருப்பவர்களிடம் அம்மாற்றம் மீண்டும் தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சிகிச்சை முடிந்த பின்னரும் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது.

இவ்விடத்தில் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது: வைரஸுக்கு மருந்தே காரணம் என எண்ணி, எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மருந்துகளை ஒருபோதும் நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. சில நாள்கள் மருந்து தவறினாலும் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கிவிடலாம். கருப்பைவாயில் ஏற்பட்ட மாற்றத்துக்குச் சிகிச்சை உண்டு. இழந்த உறுப்பை மீண்டும் பெறுவது எளிதன்று. மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டுமெனில், மாற்று உறுப்பு மருத்துவரும் மகளிர் மருத்துவரும் கலந்து முடிவு செய்வார்கள்.

இரண்டாவது: வெள்ளைப்படுதலுக்காக வேறிடத்தில் சிகிச்சை பெற நேர்ந்தால், மாற்று உறுப்பு பெற்றவர் என்பதை முதலிலேயே கூறிவிடுங்கள். பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃபுளுகோனசோல் மாத்திரையும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க் கொல்லிகளும் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடக்கூடும்.

மூன்றாவது: பரிசோதனைக்குப் பிறகோ மாதவிலக்கின்போதோ ஏற்படும் வலிக்கு டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. அவை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்பவை. எந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி: காத்திருக்கும் காலமே நற்காலம்

மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் பொதுவாகத் தரப்படுவதில்லை. இதை அறிந்த பலர், ஹெச்.பி.வி. தடுப்பூசியும் அத்தகையதே என எண்ணி விலகிவிடுகின்றனர். அது தவறு. ஹெச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே உள்ளது. அதனால் தொற்றை உண்டாக்க இயலாது. கார்டசில் தடுப்பூசியும், 2022-இல் அனுமதி பெற்ற, புனேயில் உருவான செர்வாவாக் தடுப்பூசியும் நம் நாட்டில் கிடைக்கின்றன.

எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு வயது எதுவாயினும் மூன்று தவணைகள் பரிந்துரைக்கப்படுகின்றன: முதல் ஊசி, ஓரிரு மாதங்கள் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில் மூன்றாவது. உடல் தடுப்பூசிக்கு நன்கு மறுவினை புரிய வேண்டுமெனில், அதை மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்பே முடித்துக்கொள்வது சிறந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டு உறுப்புக்காகக் காத்திருக்கும் இளம்பெண்களுக்கு அக்காலமே உகந்த காலம். அறுவை சிகிச்சைக்குப் பின் தொடங்குவதாயின் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும்; அப்போது கிடைக்கும் பாதுகாப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

இளம் வயதில் பெறும் தடுப்பூசியே மிகுந்த பயன் தரும். வயது கூடியவர்களுக்குப் பயன் குறைவு என்பதால், தமக்கு அது தேவையா என்பதை மருத்துவரிடம் கலந்து அறிய வேண்டும். ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி குணப்படுத்தாது. ஆகவே தடுப்பூசி பெற்றவர்களும் பரிசோதனையைக் கைவிடலாகாது. உங்கள் வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், அவளுக்குத் தடுப்பூசி போட இதுவே தக்க பருவம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

தொடக்க நிலையில் இந்நோய்க்கு அறிகுறியே இராது; அதனால்தான் நலமாக இருக்கும்போதே பரிசோதனை தேவைப்படுகிறது. எனினும் சில அறிகுறிகள் தோன்றினால் அடுத்த முறை வரும் வரை காத்திருக்கக் கூடாது: மாதவிலக்கு அல்லாத நாள்களில் இரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிதல், மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் இரத்தம் படுதல், துர்நாற்றம் வீசும் வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் நீங்காத அரிப்பு, வெண்திட்டு, ஆறாத புண், கட்டி, ஆசனவாயில் இரத்தம் அல்லது வலி. இவை அனைத்தும் புற்றுநோயின் அறிகுறிகள் என்பதில்லை. ஆனால் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

இவற்றை ஒரு பெண் முதலில் யாரிடம் சொல்வாள்? பெரும்பாலும் எவரிடமும் சொல்வதில்லை. ‘சிறுநீரகத்துக்காகவே இவ்வளவு செலவு செய்துவிட்டார்கள், இன்னும் ஒரு சுமையா?’ என அடக்கிக்கொள்கிறாள். உறுப்பு தந்தவர் தாயாகவோ கணவராகவோ இருந்தால் அந்தத் தயக்கம் இன்னும் கூடுகிறது. ஆகவே அவள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். மாத்திரை வேளையை நினைவூட்டுவதுபோல் இப்பரிசோதனையையும் நினைவூட்டுங்கள். மருத்துவரிடம் தனியே பேச அவளுக்குச் சில நிமிடங்கள் தந்து, அறைக்கு வெளியே அமர்ந்திருங்கள். கணவர்மாரிடம் ஒன்று: ஆணுறை இத்தொற்றை முற்றிலும் தடுக்காவிடினும் வாய்ப்பைக் குறைக்கும். அதைப் பற்றிப் பேசும் பொறுப்பை மனைவியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். புகைப்பழக்கம் யாருக்கு இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். கருப்பைவாயில் ஏற்படும் மாற்றங்களைப் புகை விரைவுபடுத்துகிறது.

உறுப்பைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்தீர்கள். அதைக் காக்க ஒரு வேளை மருந்தும் தவறாமல் உட்கொள்கிறீர்கள். அந்த உறுப்பு வாழ்வது உங்கள் உடலில். உங்கள் உடல் முழுவதும் நலமாக இருந்தால்தான் அதற்கும் வாழ்வு. அடுத்த முறை வரும்போது கோப்பைத் திறந்து, இரத்தப் பரிசோதனைப் பட்டியலின் கீழே உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: ‘கருப்பைவாய்ப் பரிசோதனை – கடைசியாகச் செய்த நாள், அடுத்து செய்ய வேண்டிய நாள்.’ முதல் இடம் வெற்றாக இருந்தாலும் கவலை வேண்டா. அந்த வரியை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.